இடப்பக்கம் ஐந்து கிளிக்

சிலுவைராஜின் வலது கை மடங்கியது மடங்கியபடியே நின்று இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. 1958இல் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கயிறு அறுந்து விழுந்த ஒரு மரப்பெட்டி செய்த வேலை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்த கருத்து கிடையாது. தையல் மிஷின் என்பார் அவர். பீங்கான் தட்டு என்பாள் அவர் மனைவி பிரிஜட். அவருடைய சிநேகிதர் காதர் மைதீனைக் கேட்டால், உள்ளே சர்க்கஸ் யானை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது, விழுந்த அதிர்ச்சியில் எழுந்து கெப்பல் ரோடு வழியாக நடந்துபோய்விட்டது, போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார் என்று யானையின் பெயரோடு சொல்லுவார். யானை போனது போகட்டும். முழங்கை போனது நிஜம். எலும்பு கூடியபோது, டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிற ஆளின் கை மாதிரி ஒரே கோணத்தில் கூடிவிட்டது. அதற்குமேல் நீளவுமில்லை, மடங்கவுமில்லை.

அதற்கு முன்னால் அவர் துறைமுகக் காவல் படையின் ரைபிள் அணியில் இருந்தவர். அங்கே போட்டியில் ஜெயித்தவருக்குக் கேடயம், கோப்பை எதுவும் கொடுப்பதில்லை. டீக்குச் சர்க்கரை போடுகிற அளவில் ஒரு வெள்ளிக் கரண்டி கொடுப்பார்கள். இருபத்தொன்பது வயதுக்குள் சிலுவைராஜ் ஐந்து கரண்டி வாங்கியிருந்தார். ஆறு வாங்கினால் ஒரு செட். அந்த நம்பிக்கையில் பிரிஜட் ஹைஸ்ட்ரீட் கடையில் நீல வெல்வெட் வைத்த டப்பா ஒன்று வாங்கிவைத்தாள். டப்பாவில் ஆறு பள்ளம். ஆறாவது பள்ளம் காலி. அந்தக் காலத்து ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் வலது கையால் போல்ட் என்கிற தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். டீக் கோப்பை பிடிக்கிற கைக்கு அது ஆகாத வேலை.

சுட முடியாதவர் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கி துடைக்கப் போனார். சுவா சூ காங் பக்கம் பன்றிப் பண்ணைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் நடுவே ஒரு துப்பாக்கிக் கிளப் இருந்தது. அதன் ஆயுத அறைக்கு அவர் பொறுப்பாளி. இரும்புக் கதவு, இரண்டு பூட்டு, ஜன்னலே இல்லாத சுவர். மழை பெய்தால் பன்றி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்து பார்த்தே எந்த ரைபிள் எந்த உறுப்பினருடையது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை மோந்துவிட்டு, உறுப்பினர் முந்தாநாள் தின்ற மீன் தலைக் கறி யார் வீட்டுச் சமையல் என்பது வரைக்கும் சொன்னாராம். அதனால் ஒரு குடும்பத்தில் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்றாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

காதர் மைதீனுக்கும் அங்கேதான் வேலை. குறித்தாள்கள் நிற்கும் மேட்டுக்கு அடியில் சிமெண்டுப் பள்ளம் ஒன்று உண்டு. தலைக்கு மேலே குண்டு பறக்க, அதற்குள் உட்கார்ந்துகொண்டு, தாளில் எங்கே ஓட்டை விழுந்தது என்று நீளக்கம்பால் காட்டவேண்டும். இருபது வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையைப் பார்த்தே, சுட்டவர் ராத்திரி சரியாகத் தூங்கினாரா, மனைவியோடு சண்டையா என்று படித்துவிடுவார். டன்லப் ஸ்ட்ரீட்டில் கடைக்கு மேலே ஓர் அறை, மைமூன் என்ற மனைவி, நிற்காத வாய்.

1983இல்தான் அழகப்பன் அந்தப் புதுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அவர் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்பவர். ஞாயிறுகளில் கிளப்பில் தாள் சுடுவார். விடுமுறை வந்தால் கடல்பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் ஒரு எஸ்டேட்டுக்குப் போய்ப் பனைக்குருத்தைத் தின்னுகிற காட்டுப்பன்றியைச் சுடுவார். இரண்டு பக்கத்து அனுமதித் தாளும் சேர்ந்து கல்யாண ஆல்பம் தண்டிக்கு இருக்கும்.

மரமே இல்லாத, கறுப்பான, எடை குறைந்த சாமான். காதர் மைதீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன முதலாளி இது, பேரப்புள்ளைக்கு வாங்கினதா?"

"பாய், சும்மா இருங்க லா. இங்க பாருங்க." அழகப்பன் இரண்டு ஆணிகளை விரல் நுனியால் தள்ளினார். துப்பாக்கி டிபன் கேரியர் மாதிரி இரண்டு அடுக்காகக் கழன்று கையில் வந்தது. "கீழ்ப்பாதியிலதான் நம்பர். லைசென்ஸும் அதுக்குத்தான். மேல்பாதி ரெண்டு வாங்கியிருக்கேன். நீளக் குழாயை மாட்டினா பேப்பர் சுடலாம். குட்டைக் குழாயை மாட்டினா காட்டுக்குப் போலாம்."

"ஒரே ஐ.சி. அடையாள அட்டைல ரெண்டு ஆளு. இமிகிரேஷன்காரன் காதுல போட்டுறாதீங்க."

"மரம் இல்லையா, நவம்பர் மழையில ஊதாது, குறி நகராது. தோள்ல வைக்கிற கட்டையை நீட்டலாம், குறுக்கலாம். நெட்டையனுக்கும் பொருந்தும், குட்டையனுக்கும் பொருந்தும். ஒரு தடவை சுட்டா அடுத்த குண்டு தானா வந்து உக்காந்துக்கும். பன்றி ஓடும்போது கண்ணை எடுக்க வேணாம், கையை எடுக்க வேணாம்."

மூலையில் எண்ணெய்த் துணியோடு நின்ற சிலுவைராஜ் தலையைத் தூக்கினார்.

"கையை எடுக்க வேணாமா சார்?"

அழகப்பன் அவரைப் பார்த்தார். பிறகு அந்த வலது கையைப் பார்த்தார். துப்பாக்கியை நீட்டினார்.

கட்டையைக் குறுக்கி இடது தோளில் வைத்துப் பார்த்தபோது, அந்த வீணாய்ப்போன முழங்கையின் கோணம் முன்பிடிக்கு அளவெடுத்தது மாதிரிப் பொருந்தியது. முதல் குண்டை ஏற்ற இழுக்கும் பிடி பின்னால் நட்டநடுவில் இருந்தது. இடது கைக்கும் எட்டியது. வெடித்த குண்டின் வெறும் ஓடு வலப்பக்கம் தெறித்து மூக்கோரமாகப் பறந்ததுதான் தொல்லை. பழைய ஜப்பான் ரப்பர் செருப்பின் வாரை வெட்டி ஒரு தடுப்பு ஒட்டினார். பிறகு ஐந்து குண்டு சுட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கப்புறம் சுட்ட ஐந்து குண்டு. பள்ளத்திலிருந்து கம்பு மேலே வரவேயில்லை. காதர் மைதீன் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தானே ஏறி வந்துவிட்டார். தாளைக் கையில் பிடித்திருந்தார். அவர் வாய் சும்மா இருந்த அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

அன்றைக்கு அதைத் துடைத்தபோது சிலுவைராஜுக்கு ஒரு விஷயம் லேசாக உறுத்தியது. பழைய ரைபிளுக்கு வேறொன்றின் போல்ட்டைப் போட்டால் மூடாது. முரண்டு பிடிக்கும், இது என்னுடையது இல்லை என்று சொல்லும். இந்தச் சாமான் எதைக் கொடுத்தாலும் ஒரு சின்னச் சத்தத்தோடு வாங்கிக்கொண்டது. தப்பானதைக் கொடுத்தாலும் அதே சத்தம்தான்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வருஷாந்தரப் போட்டி. உறுப்பினர்கள் எல்லாரும் முடித்தபிறகு வேலைக்காரர்களின் முறை வரும். காவலாளி, சமையல்காரர், புல் வெட்டுகிறவர், எல்லாருக்கும் இரவல் துப்பாக்கி, இரண்டு குண்டு குறி சரிபார்த்துக்கொள்ள, பத்துக் குண்டு போட்டிக்கு. ஜெயித்தவருக்கு ஒரு வெள்ளிக் கரண்டி. இத்தனை வருஷமும் சிலுவைராஜ் மற்றவர்களுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றிருந்தார். 1984 நவம்பரில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது, ஓய்வு. ஆகவே அந்த ஏப்ரலில் வரப்போவது முதல் தடவையும் கடைசித் தடவையும்.

"என் துப்பாக்கியை எடுத்துக்கங்க, சிலுவைண்ணே," என்று அழகப்பன் தாமாகவே சொன்னார். "ஆறாவது கரண்டியில எனக்கும் ஒரு டீ கலக்கிக் குடுங்க."

அதிலிருந்து பிரிஜட்டுக்கு நிம்மதி போயிற்று. கட்டிலில் படுத்துக்கொண்டே மூச்சைப் பிடித்து, எண்ணி, விடுகிற மனுஷனோடு எப்படித் தூங்குவது?

"என்னங்க, சாமிகிட்ட கரண்டி கேக்கலாமா? உலகத்துல எவ்வளவு கஷ்டம் இருக்கு."

"கேட்டா என்ன? அவரு தச்சர் வீட்டுல வளந்தவர்தானே. கருவி சமாச்சாரம் புரியும்."

இனி ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறி பார்க்கும் அந்தக் கண்ணாடி அழகப்பனிடம் ஒன்றுதான் இருந்தது. நீளக் குழாய்க்கும் குட்டைக் குழாய்க்கும் அதையே மாற்றி மாற்றி மாட்டவேண்டும். மேலும் கீழும் பெரிய வித்தியாசமில்லை. பக்கவாட்டில்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை. நீளத்திலிருந்து குட்டைக்குப் போகும்போது ஸ்கோப்பின் பக்கத் திருகை இடப்பக்கம் ஐம்பது கிளிக் திருப்பவேண்டும். திரும்பி வரும்போது வலப்பக்கம் ஐம்பது. ஒரு கிளிக் என்றால் நூறு கெஜத்தில் அரை அங்குலம். திருகில் எண்கள் இருந்தன. எண்ணெயும் வேர்வையும் அவற்றை எப்போதோ தின்றுவிட்டன. விரல்தான் கணக்கு.

ஐம்பது என்பது ஒரு ஜெபமாலை. பத்துப் பத்தாக ஐந்து கூட்டம். லூர்து மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய விரல், ஐம்பதை வேறு எப்படி எண்ணும்? ஒரு கிளிக்குக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் பெரிய மணி வரும், அதற்கு 'பரலோகத்தில் இருக்கிற' சொல்லவேண்டும். அப்போது மட்டும் திருகிலிருந்து விரலை எடுத்துவிடுவார். வாய் முணுமுணுக்கும், மனசு வேறு எங்கேயோ மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். பக்தி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருநாளும் தப்பியதில்லை. 'சிலுவை தொட்டது' என்றால் கிளப்பில் யாரும் சுட்டுப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

அந்தப் பெரிய வியாழனன்று மத்தியானம் நீளக் குழாயில் கடைசிப் பயிற்சி செய்தார். பத்தில் ஒன்பது கறுப்பின் நடுவில் விழுந்தது. மறுநாள் பெரிய வெள்ளி, ஊருக்கே லீவு. அழகப்பனும் காதர் மைதீனும் ஜொகூருக்குப் போவதாக ஏற்பாடு. காதர் மைதீன் வேட்டைக்குப் போகிற ஆள் இல்லை. சமைக்கப் போகிறவர்.

"பன்னிய நீங்க சுடுங்க, சோத்த நான் வடிக்கிறேன். ரெண்டும் பத்து மைல் தள்ளி நடக்கணும்," என்பது அவருடைய நிபந்தனை.

சிவப்புக் கொடி இறங்கிவிட்டது. கொடி இறங்கினால் மைதானத்தில் ஒரு குண்டு வெடிக்கக் கூடாது. வெளியே அழகப்பனின் கார் நின்றது. கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்குப் பிரிஜட் காத்துக்கொண்டிருப்பாள். சிலுவைராஜ் ஸ்கோப்பைக் குட்டைக் குழாயில் மாட்டினார். திருகில் விரலை வைத்தார்.

அன்றைக்கு அவர் எண்ணவில்லை. வேண்டிக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை, ஆண்டவரே. பத்துக் குண்டு. நான் கேட்டது வேறு ஒன்றுமில்லை. கையைக் கேட்டேனா? கொடுத்தபடி வைத்துக்கொண்டேன். கண் கலங்கியது, ஜெபமாலையின் ஒவ்வொரு வார்த்தையும் அடிவயிற்றிலிருந்து வந்தது. கடைசி ஆமென் சொல்லிவிட்டுத் துப்பாக்கியை உறையில் வைத்தார்.

"சரியா இருக்கா அண்ணே?" என்றார் அழகப்பன்.

"இருக்கு சார்."

காதர் மைதீன் கார் ஜன்னலில் தலையை நீட்டினார். "சிலுவைண்ணே, ஞாயித்துக்கிழமை வந்துருவேன். அடுத்த ஞாயிறு உங்க ஓட்டையை நான்தான் காட்டணும். வேற எவனும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் அழகப்பன் போன் செய்தார். ஜொகூர் ஆஸ்பத்திரியிலிருந்து. சிலுவைராஜ் போய்ச் சேர்ந்தபோது அழகப்பனின் சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. அது அவருடையது அல்ல.

"எம்பது அடி எடுத்து வச்சா எட்டிரும், அவ்வளவு கிட்ட. பெரிய ஆண் பன்றி. வலப்பக்கம் தலையை வச்சிட்டு அசையாம நின்னுச்சு. இந்தச் சின்னக் குண்டுக்கு உடம்புல சுட்டா சாகாது, காதுக்கு அடியிலதான் குடுக்கணும். காதுக்குத்தான் வச்சேன் அண்ணே. சத்தியமா வச்சேன். காதுக்குப் பின்னாடி கழுத்துக் கொழுப்புல போயிருச்சு." சட்டையில் காய்ந்த கறையை நகத்தால் சுரண்டினார். "அடுத்த குண்டு தானா வரும்னு பெருமை பேசுவேன்ல. வந்துச்சு. ரெண்டு, மூணு. எல்லாம் அந்தப் பக்கமே போச்சு. லாலான் புல்லுக்குள்ள பாஞ்சிருச்சு. பாய் கார் பக்கத்துல அரிசி கழுவிட்டு இருந்தாரு."

பன்றி புல்லைக் கிழித்துக்கொண்டு நேராக அங்கேதான் வெளியே வந்திருக்கிறது. காதர் மைதீனின் வலது தொடையில், மேலே, கோரைப்பல் முழுசாக இறங்கியிருந்தது.

"என் கைதான் ஆடியிருக்கும்," என்றார் அழகப்பன். "துப்பாக்கில தப்பு இருக்காது. நீங்க வச்ச குறியாச்சே."

ஈஸ்டர் திங்கட்கிழமை சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள். சிலுவைராஜ் தினமும் போனார். காய்ச்சலில் கிடந்த காதர் மைதீன் வியாழக்கிழமைதான் கண்ணைத் திறந்து பேசினார்.

"அரிசி என்ன ஆச்சு?"

மைமூன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

"நான் போட்டிக்குப் போகல பாய்," என்றார் சிலுவைராஜ்.

"போகாம? பள்ளத்துல நான் இல்லன்னா குண்டு போகாதா? போய்ச் சுடுங்க. நல்லதா ஒண்ணு நடந்துச்சுன்னு யாராவது வந்து சொல்லணும்ல எனக்கு. இங்க வர்றவன் எல்லாம் காலைப் பத்தியே பேசுறான். இருக்கிற காலைப் பத்தி ஒருத்தன் பேசமாட்டேங்கிறான்."

ஆகவே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வானம் மூடியிருந்தது, காற்றில்லை. ஆயுத அறையில் ஸ்கோப்பைக் குட்டைக் குழாயிலிருந்து கழற்றி நீளக் குழாயில் மாட்டினார். வலப்பக்கம் ஐம்பது கிளிக். அன்றைக்கு மனசு வறண்டு கிடந்தது. ஜெபம் வாயில் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணித் திருப்பினார்.

உறுப்பினர்கள் முடித்தார்கள். காவலாளி சுட்டார், சமையல்காரர் சுட்டார். சிலுவைராஜ் நூறு கெஜக் கோட்டில் பாயில் குப்புறப் படுத்தார். கட்டையைக் குறுக்கி, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, பார்த்துக்கொள்ளக் கொடுத்த முதல் குண்டைச் சுட்டார். கம்பு எழுந்தது. காதர் மைதீனின் கம்பு அல்ல. தயங்கித் தயங்கி எழுந்த ஏதோ ஒரு கம்பு. நடுவுக்கு இடப்பக்கம் காட்டியது. இரண்டரை அங்குலம்.

அவருக்குத் தன் கைமேல் சந்தேகம் வரவில்லை. குண்டு போன இடம் கைக்குத் தெரியும். இரண்டாவது குண்டைச் சுட்டார். கம்பு அதே இடத்தைக் காட்டியது.

இரண்டரை அங்குலம். ஐந்து கிளிக். ஐந்து.

பாயில் படுத்தபடியே பெரிய வியாழன் மத்தியானம் அவர் விரலுக்குள் திரும்ப வந்தது. கண்ணீரோடு வேண்டிய அந்த ஜெபமாலையில் பெரிய மணிகளுக்கு அவர் விரலை எடுக்கவில்லை. ஒவ்வொரு பரலோக மந்திரத்துக்கும் ஒரு கிளிக். மனசில்லாமல் முணுமுணுத்த அத்தனை நாளும் சரியாக இருந்தது. மனசு நிறைந்து சொன்ன ஒரே நாள் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. ஸ்கோப் வாங்கிக்கொண்டது. துப்பாக்கியும் வாங்கிக்கொண்டது. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.

காதுக்கும் கழுத்துக் கொழுப்புக்கும் நடுவே எவ்வளவு இருக்கும்? அவ்வளவுதான் இருக்கும்.

"என்ன அண்ணே, ரெடியா?" மேற்பார்வையாளர் குரல் கொடுத்தார்.

திருகு அவர் விரலுக்கு இரண்டு அங்குலத்தில் இருந்தது. வலப்பக்கம் ஐந்து கிளிக். பார்த்துக்கொள்ளக் கொடுத்த குண்டுகளே அதற்காகத்தான்; யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். திருப்பிவிட்டுப் பத்தையும் நடுவில் போடலாம். போட்டுவிடுவார் என்று அவருக்குத் தெரியும். கரண்டி பள்ளத்தில் போய் உட்காரும். அந்த ஐந்தும் உலகத்திலிருந்தே போய்விடும். அழகப்பன் செத்துப்போகிற நாள்வரை தன் கை ஆடியதாக நினைத்துக்கொண்டிருப்பார். காதர் மைதீன் யானைக் கதை மாதிரி ஒரு பன்றிக் கதை செய்துகொள்வார். ஆண்டவர் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இனி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிலுவைராஜ் விரலைத் திருகுக்குக் கொண்டுபோகவில்லை. கறுப்பின் நட்டநடுவில் குறி வைத்தார். ஒரு மயிரிழை தள்ளிவைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒவ்வொன்றாகச் செலவழித்து, போட்டிக்கு மாட்டிய புதுத் தாளில் பத்துக் குண்டையும் சுட்டார்.

நூற்றுக்கு அறுபது. புல் வெட்டுகிற வடிவேலு எழுபத்து நாலு வாங்கிக் கரண்டியை வாங்கிக்கொண்டார். உறுப்பினர்கள் மெதுவாகக் கை தட்டினார்கள். "பாவம், அந்தக் கையை வச்சுக்கிட்டு இவ்வளவு சுட்டதே பெரிசு," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அழகப்பன் மட்டும் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து நின்றார். இடப்பக்கம் ஒரே இடத்தில், இருபது காசு நாணயத்தால் மூடிவிடலாம் போல, பத்துக் குண்டும் மொய்த்துக் கிடந்தன. அந்தக் கிளப்பில் அதுவரை யாரும் அப்படிச் சுட்டதில்லை.

"அண்ணே, பார்த்துக்கிற குண்டிலேயே தெரிஞ்சிருக்குமே. அஞ்சு கிளிக் திருப்பியிருந்தா..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஜொகூர்ல உங்க கையில இருந்ததும் இதே அஞ்சுதான் சார். உங்க கை ஆடல."

தூறல் விழ ஆரம்பித்தது. அழகப்பன் தாளின்மேல் விழாமல் கையால் மறைத்துக்கொண்டார்.

"பாய்கிட்ட சொல்லாதீங்க," என்றார் கடைசியில். "அல்லா எழுதினதுன்னு இருக்காரு. அந்த நெனைப்புலயே இருக்கட்டும். எடுத்துட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

சிலுவைராஜ் தாளை வாங்கி நான்காக மடித்தார். பஸ்ஸில் உட்கார்ந்து புக்கிட் தீமா நெடுக அந்தக் கேள்வியையே யோசித்தார். இறங்கும் நிறுத்தம் வந்தது, இறங்கினார்.

மைமூன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். காதர் மைதீன் தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது.

"கரண்டி எங்க?" என்றார்.

சிலுவைராஜ் தாளை நீட்டினார். இருபது வருஷம் ஓட்டைகளைப் படித்த மனுஷன் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பார்த்தார். கண்ணருகில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"சுட்ட கை சரி," என்றார் மெதுவாக. "கண்ணாடி தப்பு."

"ஆமா பாய்."

"எத்தனை?"

"அஞ்சு."

"எந்தப் பக்கம்னு கேக்க வேணாம்." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை மாட்டினதா?"

"வியாழக்கிழமை மாட்டினது. என் விரல்தான். நான் எனக்காக வேண்டிக்கிட்டு இருந்தேன்."

மைமூனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். காதர் மைதீன் அந்த நிற்காத வாயைத் திறந்து மூடினார். ஒரு கதை, ஒரு கிண்டல், யானை, எதுவும் வரவில்லை. அவர் விரல் தாளின்மேல் தானாக ஊர்ந்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"ஒம்போதுதான் இருக்கு. பத்தாவது எங்க?"

"அதே ஓட்டையில போயிருச்சு."

"நான் பள்ளத்துல இருந்திருந்தா பத்துன்னு காட்டியிருப்பேன்," என்றார் காதர் மைதீன். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்பப் போங்க அண்ணே."

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. தாளை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நவம்பர் வரை காத்திராமல் சிலுவைராஜ் மே மாதமே ஆயுத அறையின் இரண்டு சாவியையும் ஒப்படைத்துவிட்டார். அழகப்பன் துப்பாக்கியை யாருக்கோ விற்றார். ஒரு கீழ்ப்பாதி, இரண்டு மேல்பாதி, ஒரு ஸ்கோப். ஆறாவது பள்ளம் காலியாகவே இருந்தது. கோயிலில் ஜெபமாலை சொல்லும்போது சிலுவைராஜ் இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொள்வதைப் பிரிஜட் கவனித்தாள். மாலை அவள் கையில் இருந்தது. அவர் எண்ணவில்லை.

சனிக்கிழமைதோறும் டன்லப் ஸ்ட்ரீட் மாடிக்கு ஏறிப் போவார். மைமூன் டீ கொண்டுவந்து வைப்பாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கீழே தெருவில் காய்கறி லாரிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கும். காதர் மைதீன் ஏதாவது பேசுவார் என்று சிலுவைராஜ் காத்திருப்பார். டீ ஆறும். அப்புறம் எழுந்து, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி வருவார்.